ஒன்பது வரி வீடு, ஒரு வரி வீணா

ஜனவரி 20, திங்கள்

கெமிஸ்ட்ரி நடத்துவதுதான் என் வேலை. மாணவர் உதவி மையம் என்பது ஆறு வருடத்துக்கு முன் பிரின்சிபால் என் தலையில் கட்டியது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு அறிவிப்புப் பலகை. பி.யூ., அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் அழுவதற்கும் இங்கேதான் வருவார்கள், விண்ணப்பப் படிவம் வாங்குவதற்கும் இங்கேதான்.

இன்று ஏரி ஆராய்ச்சி மையம் ஒன்றிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஆறு வாரப் பயிற்சி. நகரத்து ஏரிகளின் தண்ணீரைச் சோதிக்கும் வேலை. ஒரு கல்லூரியிலிருந்து ஒரே ஒருவரைத்தான் பரிந்துரைக்கலாம். ஆசிரியரின் சிபாரிசுக் கடிதத்தோடு பிப்ரவரி பத்துக்குள் அனுப்ப வேண்டும்.

யோசிக்கவே இல்லை. முதல் வருடம் சயின்ஸ் படிக்கும் வீணாதான். அல்சூரிலிருந்து வருகிறாள். அம்மா ஜானகி, ஒரு ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங். அப்பா இல்லை. பாவம், நல்ல பெண்.

ஜனவரி 22, புதன்

வீணாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே!

"ஏரியா மிஸ்? எந்த ஏரி?"

"எந்த ஏரியா இருந்தா என்ன, போயிட்டு வா. இந்த மாதிரி சான்ஸ் திரும்ப வராது."

பையைத் திறந்து எதையோ எடுக்கப் போனாள். அதற்குள் வெளியே மூன்று பேர் ஹால் டிக்கெட் பிரச்சினையோடு நின்றிருந்தார்கள். "அப்புறம் வாம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

கடிதம் முடிந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் நன்றாக வந்திருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் படித்துக் காட்டினேன். ஃபிசிக்ஸ் கஸ்தூரிரங்கன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருட சர்வீஸ், எதற்கும் அசையாத மனிதர்.

"லவினா, இதுக்குக் குடுக்கலேன்னா வேற எதுக்குக் குடுக்கப் போறா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெருமையாக இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன் திருப்பத்தில் சிக்னல் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை, பின்னாலிருந்த ஆட்டோக்காரர் கன்னடத்தில் திட்டினார்.

ஜனவரி 28, செவ்வாய்

வீணாவிடமே கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நின்றுகொண்டே படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு நான்காக மடித்து என் மேஜை மேல் வைத்து, "தேங்க்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதானா?

ஜனவரி 31, வெள்ளி

படிவத்தை இன்னும் நிரப்பித் தரவில்லை. தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்புகிறாள்.

பிப்ரவரி 3, திங்கள்

படிவம் வந்தது. வெறும் படிவம். ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

"எனக்கு வேணாம் மிஸ். வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

"ஏன்? வீட்ல விடலையா? அம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

"அம்மாவுக்குத் தெரியாது. நான்தான் வேணாம்னு சொல்றேன்."

நான் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கம்மா பாத்ரூம் கழுவுறாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஒரே ரூம் வீடு, மழை வந்தா ஒழுகும்னு எழுதியிருக்கீங்க. அப்பா எப்படி செத்தாருன்னும் எழுதியிருக்கீங்க."

"பொய்யா எழுதினேன்?"

"இல்ல மிஸ், எல்லாம் உண்மைதான். ஆனா ஏரிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

எனக்கு வந்ததே கோபம். என்ன பேசினேன் என்று எழுதக் கை கூசுகிறது. உதவி செய்ய வந்தவளிடம் இந்தத் திமிரா என்றேன். ஆமாம், திமிர் என்ற வார்த்தையைத்தான் சொன்னேன். அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்னும் ஆறவில்லை. ராத்திரி சாப்பிடும்போது என் கணவர் கிளாரன்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இந்த மனிதர் எப்போதும்போல மீனில் முள் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணு எதுல கெட்டிக்காரி?"

"கெமிஸ்ட்ரில எண்பத்தெட்டு."

"அது மார்க்கு. நான் கேட்டது வேற."

எட்டு மாதமாகத் தெரிந்த பெண். அவள் வீட்டுக் கூரை ஒழுகுவது எனக்குத் தெரியும். அவளுக்கு எது பிடிக்கும் என்று தெரியாது.

கை கழுவியதும் கடிதத்தை எடுத்து வரிகளை எண்ணினேன். பத்து வரி. ஒன்பதில் வீடு. ஒன்றில் வீணா: 'கடின உழைப்பாளி, பணிவானவர்.' அந்த வரியும் புதிதில்லை. மூன்று வருடத்துக்கு முன் சுனிலுக்கு எழுதிய கடிதத்திலிருந்து அப்படியே வந்தது. அதற்கு முன்னால் வேறு யாருக்கோ எழுதியதிலிருந்து வந்திருக்கும். பெயரை மாற்றுவேன், துக்கத்தை மாற்றுவேன், மற்றதெல்லாம் அதே கடிதம்தான். இதற்குத்தான் அவ்வளவு பெருமைப்பட்டாயா லவினா?

பிப்ரவரி 5, புதன்

சுனிலுக்குப் போன் போட்டேன். என் கடிதத்தால் ஒரு பெரிய லேபில் இரண்டு மாதப் பயிற்சி கிடைத்தவன், இப்போது பி.எஸ்சி. கடைசி வருடம். ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளிடம் அவனைத்தான் உதாரணம் காட்டுகிறேன். அந்தப் பயிற்சி எப்படி இருந்தது என்று இதுவரை கேட்டதில்லை.

"நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க மிஸ்" என்றான். பிறகு சொன்னான், "நான் போறதுக்கு முன்னாடியே எங்கப்பா குடிக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. சாப்டியா, சாப்டியான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. மெஷினைத் தொட மட்டும் விடல. பாவம், இவன் பயந்துடுவான்னு. ரெண்டு மாசமும் லேபிள் ஒட்டினேன்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க மிஸ்."

போனை வைத்த பிறகு மாடிப்படிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது காதில் விழவில்லை, செகண்ட் இயர் பிள்ளைகள் வந்து கூப்பிட்டார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

வீணாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "திமிர்னு சொன்னது தப்பு. லெட்டரும் தப்பு" என்றேன். அவள் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டேன், "அன்னைக்குப் பையிலேருந்து என்ன எடுக்கப் போன?"

பையைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தாள். அட்டை போய், மாத்திரை கம்பெனி காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது.

அல்சூர் ஏரி. ஒன்றரை வருடம். தினமும் காலை ஆறு மணி, அம்மாவை பஸ் ஏற்றிவிட ஏரிக்கரையோரம் நடக்கும்போது பார்த்தது. தேதி, தண்ணீரின் நிறம், நுரை, பறவை எத்தனை, செத்த மீன் எத்தனை. எல்லாவற்றுக்கும் கட்டம். கடைசிக் கட்டத்துக்கு மேலே 'ஜா' என்று மட்டும் இருந்தது. அதில் நாற்றம்: சாக்கடை, பாசி, சோப்பு, ஒன்றுமில்லை.

"ஜான்னா?"

"ஜானகி. எங்கம்மா. எனக்கு சைனஸ் மிஸ், மூக்கு சரியா வேலை செய்யாது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எந்த வார்டுல எந்த மருந்து கொட்டியிருக்குன்னு வாசல்லயே சொல்லிடுவாங்க. அவங்க சொல்வாங்க, நான் எழுதுவேன்."

மூன்று இடத்தில் 'அழுகின முட்டை' என்று எழுதியிருந்தது. மூன்று முறையும் இரண்டு நாள் கழித்து மீன் செத்திருக்கிறது. அடியில் பிராணவாயு தீர்ந்துபோன சேற்றிலிருந்து வரும் வாயு அது. பதினெட்டு வருடமாக அதன் ஃபார்முலாவை போர்டில் எழுதிக்கொண்டிருப்பவள் நான்.

"இதை ஏன் யார்கிட்டயும் காட்டல?"

"யாரும் கேக்கல மிஸ்."

அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். புதுக் கடிதத்தை அவள் படித்துச் சரி என்று சொன்ன பிறகே அனுப்ப வேண்டும். "அம்மாவைப் பத்தி எழுதலாம் மிஸ். மூக்கைப் பத்தி எழுதுங்க."

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நின்றேன். கிளாரன்ஸுக்கே நம்ப முடியவில்லை. ஜானகியின் பெயரை எழுதுவதற்கு அவரிடமே கேட்க வேண்டும் அல்லவா? யூனிஃபார்ம் புடவை, மேலே ஸ்வெட்டர், வேகமான நடை. என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"எம் பேரா? எதுக்கு மிஸ்? நாத்தம் அடிக்குதுன்னு சும்மா சொல்றதுக்கா?" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க நேத்து அமோனியா பாட்டில் தொறந்தீங்க. உங்க ஸ்வெட்டர்ல வாசனை இருக்குது" என்றார்.

திறந்தேன்தான்! எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீணா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து எழுதினேன். பன்னிரண்டு வரி. சாயங்காலம் கொண்டுபோய்க் காட்டினேன், வீணா இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள்.

பிப்ரவரி 10, திங்கள்

அனுப்பியாயிற்று. நோட்டில் நாற்பது பக்கம் நகலெடுத்துக் கூடவே வைத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

கஸ்தூரிரங்கன் சார் புதுக் கடிதத்தின் நகலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"வீட்டு நிலைமையே இல்லையே? பெரிய பெரிய காலேஜ் பசங்களோட போட்டி. அவா கண்ல இது எப்படிப் படும்? தப்புப் பண்ணிட்டேள் லவினா."

ஹௌதா சார், அப்படியா என்று சிரித்து மழுப்பினேன். ஆனால் பயமாக இருக்கிறது. என் மனசு சுத்தமாக வேண்டும் என்பதற்காக அவள் வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனா?

மார்ச் 24, திங்கள்

பட்டியல் வந்தது. வீணா பெயர் இல்லை. காத்திருப்போர் வரிசையில் இரண்டாவது.

சார் பட்டியலைப் படித்துவிட்டு மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். அதுதான் வலித்தது. வீணா என் மேஜைக்கு வந்து, "பரவால்ல மிஸ், நோட்டை யாரோ படிச்சிருக்காங்க இல்ல" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல அவள் வர வேண்டியிருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

நான் சும்மா இருக்க முடியாதவள். உதவி மையத்துப் படிவத்தின் முதல் கேள்வி 'குடும்பச் சூழ்நிலை' என்று இருந்தது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் 'யாரும் சொல்லாமலே நீ தினமும் செய்வது என்ன?' என்று போட்டேன். மதியத்துக்குள் ஒருத்தன் 'தூங்குவது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். போகட்டும்.

ஏப்ரல் 2, புதன்

ஏரி ஆராய்ச்சி மையத்திலிருந்து போன். ஒருவர் விலகிவிட்டாராம், வரிசையில் முதலாவதாக இருந்தவருக்கும் வர முடியவில்லையாம். "அந்த நோட்டின் அசலைப் பார்க்க வேண்டும், மாணவியோடு சேர்த்து அனுப்புங்கள்" என்றார் பேசிய அம்மாள்.

ஏரிக்கரைக்கு ஓடலாம் போலிருந்தது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? போன்தான் செய்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

வீணாவுக்கு இன்று முதல் நாள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"ஆக்சிஜன் மீட்டரை என் கையில குடுத்துட்டாங்க மிஸ்! ஒரு தடவை தப்பாப் போட்டேன், மறுபடி போடுன்னாங்க."

"சாப்டியான்னு கேட்டாங்களா?"

"இல்லியே மிஸ். ஏன்?"

"ஒண்ணுமில்ல. வேற என்ன கேட்டாங்க?"

"ஜா யாருன்னு கேட்டாங்க. எங்கம்மான்னு சொன்னேன். இவ்ளோ துல்லியமா எப்படின்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரில பாத்ரூம் கழுவுறாங்க, இருபது வருஷமா ஃபினாயில், ஆசிட் எல்லாம் மோந்து பழக்கம்னு சொன்னேன்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"நீயேவா சொன்ன?"

"நானேதான் மிஸ். எழுதிக்கிட்டாங்க."