கத்திரி அம்மா வெட்டிய வரி

மார்ச் 4, செவ்வாய்

கத்திரி அம்மாவின் வலது கையில் மூன்று எலும்புகள் உடைந்திருக்கின்றன. தாடை விலகிவிட்டது. இடது கண் தப்பியது. இன்று காலை அறுவை மருத்துவர் நேரில் சொன்னது இவ்வளவுதான். மற்றதெல்லாம் வராந்தாவில் நிற்பவர்கள் சொல்வது.

நேற்று மதியம் நடந்ததைத் துணையாசிரியர் சொன்னார். எங்கள் உலோகவியல் இதழின் ஆசிரியருக்கு, எங்கள் வாக்கியங்களை நறுக்கித் தள்ளுவதால், கத்திரி அம்மா என்று பெயர். எந்தக் கட்டுரையை நிராகரித்தாலும் எழுதியவரை வரவழைத்து, எதிரே உட்காரவைத்துத்தான் சொல்வார். மூஞ்சியைக் காட்டாமல் அடிப்பது கோழைத்தனம் என்பார். நேற்று வரவழைத்தது ஓர் உருக்காலை ஆய்வுக்கூடத்தின் தலைவரை. ஒரே விரிசலின் படத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு, நான்கு கம்பிகளில் நான்கு விரிசல்கள் என்று எழுதியிருந்தவர்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு, மேசைமேல் கிடந்த எஃகுத் துண்டால் அம்மாவை அடித்திருக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் ஒரே கேள்வி. "கண்டுபிடிச்சது யாரு? பேரைச் சொல்லு." துணையாசிரியர் வெளியே நின்று கேட்டது இது. பதில் மட்டும் கேட்கவில்லையாம். கதவை உடைத்தபோது அவன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டான்.

கண்டுபிடித்தது நான். அந்தக் கட்டுரையை அச்சிடலாமா என்று இதழுக்காக ரகசியமாக மதிப்பிட்டவள் நான்தான்.

மார்ச் 5

காவல் நிலையத்தில் அந்த எஃகுத் துண்டை அடையாளம் காட்டச் சொன்னார்கள். நான் அம்மாவுக்குக் கொடுத்தது. என் முதல் கட்டுரைக்காக இழுத்து முறித்த கம்பியின் பாதி. காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தார். கம்பி முறிந்த முனையின் மேடுபள்ளங்களில் ரத்தம் காய்ந்திருந்தது. நடுவில் ஒட்டியபடி ஒரு நரைமுடி.

மதிப்பிட்டவள் நான் என்று காவல் ஆய்வாளரிடம் சொன்னேன். "எங்களுக்குத் தெரிஞ்சா போதும். வெளியில மூச்சு விடாதீங்க" என்றார்.

மார்ச் 6

மாத முடிவில் அம்மா ஓய்வு பெறுகிறார். அதற்கான இதழ் முன்பே திட்டமிட்டது. அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லித் துணையாசிரியர் கேட்டார். உட்கார்ந்தேன். அடித்தவனைத் திட்டும் வசவுதான் வந்தது.

ஆய்வுக்கூடத்துக்குப் போய் இழுவை இயந்திரத்தில் கம்பிகளை மாட்டி முறித்துக்கொண்டேயிருந்தேன். எந்தச் சோதனைக்கும் தேவையில்லாத கம்பிகள். ஒவ்வொன்றும் வெடிக்கும்போது அவன் விரல், அவன் மணிக்கட்டு, அவன் கழுத்து. என்னைப் பார்த்துவிட்டு மெஷின்காரர் மெயினை அணைத்தார். "போதும்மா. அது என்ன பண்ணுச்சு பாவம்?"

மார்ச் 9, ஞாயிறு

இன்னொருவரை அடித்துவிட்டான்.

நேற்று மாலை, கார் நிறுத்துமிடத்தில். பக்கத்து ஆய்வகத்தின் பற்றவைப்பு நிபுணர், சாதுவான மனிதர். விலா எலும்பு உடைந்து நுரையீரலில் குத்தியிருக்கிறது. "நீதானே எழுதின, நீதானே எழுதின" என்று கேட்டுக் கேட்டு உதைத்தானாம். இவருக்கு எதைப் பற்றிக் கேட்கிறான் என்றே தெரியாது.

எனக்குத் தெரியும். அவனுக்குப் போன என் மதிப்பீட்டு அறிக்கையில், இந்த இரண்டு கட்டுரைகளைப் படித்து மேற்கோள் காட்டுங்கள் என்று எழுதியிருந்தேன். ஒன்று அவருடையது. எங்கள் தொழிலில் எல்லோரும் போடும் கணக்கு இது — எவன் கட்டுரையைச் சேர்க்கச் சொல்கிறார்களோ, அவன்தான் ஒளிந்திருந்து மதிப்பிட்டவன். நானே எத்தனை பேரை அப்படிச் சந்தேகப்பட்டிருக்கிறேன்!

இரண்டாவது கட்டுரையை எழுதியவர் ஒரு பெண். தனியாக இருக்கிறார். போன் செய்து அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னேன். காரணம் கேட்டார். போங்க, சும்மா போங்க, என்று கத்திவிட்டேன்.

மார்ச் 10

ஆஸ்பத்திரி. தாடையைக் கட்டியிருக்கிறார்கள்; பல்லைக் கடித்தபடிதான் அம்மாவால் பேச முடிகிறது. முகம் வீங்கி ஒரு பக்கம் கறுத்துவிட்டது. அடி வாங்கும்போதே பெயரைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நல்லா கேட்ட போ. வாயிலயே அடிச்சா எப்படிடி சொல்றது?"

சிரிக்கப் போய் வலியில் முனகினார். பிறகு நிபுணர் அடிபட்டதைச் சொன்னேன். 

"உன் பேரை நான் சொல்ல மாட்டேன். சொல்றதுன்னா நீ சொல்லணும். ஆனா சொல்லாத."

மார்ச் 11

எழுதிவிட்டேன். ஒரே மூச்சில். அவர் என் கட்டுரைகளை எத்தனை முறை திருப்பினார், ஒவ்வொரு முறையும் எப்படி எதிரே உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்துத் திட்டினார், அடிபட்டபோது எதை வாயைத் திறந்து சொல்லவில்லை. கடைசி வரி: "அவர் சொல்லாத பெயர் என்னுடையது, அந்தக் கட்டுரையை மதிப்பிட்டவள் நான் மட்டுமே."

மார்ச் 12

பிரதி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது. இடது கையால் திருத்தியிருக்கிறார். கோடுகள் கோணல்மாணலாக ஓடுகின்றன. தன்னைப் புகழ்ந்த வரிகளில் பாதி காலி. 'ஈடு இணையற்ற' என்பதன் பக்கத்தில், "அளந்து பார்த்தாயா?" கடைசி வரியின்மேல் கோடு காகிதத்தையே கிழித்திருக்கிறது.

வீட்டில் என் கணவரும் அதையேதான் சொன்னார். "போலீஸ்ல சொன்னாச்சுல்ல, பத்திரிகையில எதுக்கு? அவன் இங்க வருவான்."

"வரட்டும். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா இங்க வரட்டும்."

 இவர் கடைக்குப் போய்ப் பெரிய தாழ்ப்பாள் ஒன்று வாங்கிவந்து, திருகாணியை வழியெல்லாம் கொட்டிக்கொண்டு, தானே மாட்டினார்.

மார்ச் 13, வியாழன்

அவர் வெட்டியதை எல்லாம் வெட்டினேன். கடைசி வரியை மட்டும் திரும்பச் சேர்த்து அச்சுக்கு அனுப்பினேன். அவர் திருத்தத்தை நான் மீறியது இதுவே முதல் தடவை. துணையாசிரியர் வாசித்துவிட்டு, "அம்மா கொன்னுடுவாங்க" என்றார். வாயிலிருந்து வந்த வார்த்தை உறைத்து, அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவன் இன்னும் பிடிபடவில்லை. என் வாசலுக்கு ஒரு காவலர் நாளை மாலை வருவார் என்று ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். அம்மாவின் விரல்கள் அசையுமா என்பது திங்களன்று கட்டுப் பிரித்தால் தெரியும்.

இதழ் நாளைக் காலை வெளியாகிறது.