வீடியோ காலில் அப்பாவின் காது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோட எழுதுறேன். இங்க என் முட்டியைத் தவிர மத்த எல்லாரும் சௌக்கியம். நீ, மருமக, குட்டி வாலு மூணு பேரும் அங்க நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். உன் தங்கச்சிக்கு ஆஸ்பத்திரில பகல் ஷிப்ட் கிடைச்சிருச்சு, இப்பத்தான் நர்ஸம்மா முகத்துல கொஞ்சம் களை வந்திருக்கு. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுது, உங்கப்பா நானே சரிபண்றேன்னு ஸ்பானரும் கையுமா உக்காந்து, சொட்டிக்கிட்டிருந்ததை ஓட விட்டுட்டார். பஸ் ஓட்டின கைக்குக் குழாய் அடங்குமா, கேட்டா வாஷர் சரியில்லையாம்.

சரி, விஷயத்துக்கு வரேன். குட்டி மரியாதை இல்லாம பேசுறா, அம்மாவை நல்ல கதைப் புத்தகம் நாலு அனுப்பச் சொல்லுன்னு மருமககிட்ட சொல்லியிருந்தே. வாங்கி வெச்சுட்டேன். ஆனா குட்டி உன்னையே, “உனக்கு எத்தனை தடவை சொல்றது, மண்டையில ஏறாதா”ன்னு கேட்டாளாமே, முதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. அதே வார்த்தையை நான் உன் வாயிலயே கேட்டிருக்கேன்டா. அன்னிக்கு வீடியோ கால்ல உங்கப்பா வழக்கம்போல போனைக் காதுல வெச்சுக்கிட்டார். உனக்கு அவர் காதும் அதுல இருக்கிற நரைமுடியும்தான் தெரிஞ்சிருக்கும். அவருக்குப் போன்னா காதுலதான், நான் சொல்லியும் கேக்கல, உன் தங்கச்சி சொல்லியும் கேக்கல. நீ அவர்கிட்ட அந்த வார்த்தையைச் சொல்லிட்டுப் பட்டுன்னு வெச்சுட்டே. நீ வைக்கிறதுக்குள்ள உன் பக்கத்துல குட்டி களுக்குன்னு சிரிச்சது எனக்கே கேட்டுச்சு, போனைக் காதுல வெச்சிருந்த மனுஷனுக்குக் கேக்காதா. நீ கூப்பிடுறேன்னு இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கிட்டு உக்காந்தவர், கொஞ்ச நேரம் போனைக் காதுலயே வெச்சிருந்துட்டு, லைன் கட் ஆயிடுச்சு போலன்னார். எனக்கு மனசு கேக்கல. நீ மட்டும் பக்கத்துல இருந்திருந்தா முதுகுல ரெண்டு வெச்சிருப்பேன்.

சுரை போட்டா அவரையா முளைக்கும், நீயே சொல்லு. நாலு புத்தகம் என்ன, ஒரு மூட்டையே அனுப்புறேன், அவ உன்னைப் பார்த்துத்தானே படிக்கிறா. இதைப் போன்ல சொன்னா இங்க அவர் இருப்பார், அங்க அவ இருப்பா, அதான் உக்காந்து எழுதுறேன். உனக்கு வேலை நெருக்கடின்னு தெரியாம இல்ல. நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து வலின்னியே, முதல்ல அந்தத் தலகாணியை மாத்து. மருமகளை ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு.

மூணு பேரும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும். ஒண்ணை மட்டும் மறந்துடாதே, ஞாயித்துக்கிழமை குட்டியைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுக் கூப்பிடு. உங்கப்பா காதைத்தான் காட்டுவார், காட்டட்டும். அந்தக் காதைப் பார்த்தே எப்படி இருக்கீங்கப்பான்னு கேளு. அவ பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ