எந்தச் சண்டை உனக்குச் சரிப்படும்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், என் இடது தோள்பட்டைக்கு மட்டும் என்மேல் கோபம், அதற்குக் காரணமே நீதான், சொல்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலை முடிந்து வரும்போது பேருந்து நிறுத்தத்தில் எவனோ உன் கையைப் பிடித்து இழுத்தான், ஆள் வந்ததும் விட்டுவிட்டு ஓடினான், இனிமேல் பயந்து சாகமாட்டேன், சண்டை கற்கப் போகிறேன், கராத்தேயா குத்துச்சண்டையா ஜூடோவா தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதை இரண்டு தடவை உரக்கப் படித்தேன். உன் அப்பா அந்த நிமிஷமே, வேலையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், உடனே கிளம்பி வரச் சொல்லு என்று குதித்தார். கொஞ்சம் பொறுங்க, நான் விசாரிக்கிறேன் என்று அடக்கி வைத்தேன்.

தையல்காரி நான், போட்டுப் பார்க்காமல் உனக்கு எதையாவது தந்திருக்கிறேனா? உன் பள்ளிக்கூட ஸ்வெட்டரைக்கூட முதலில் நான் மாட்டிப் பார்த்து, கழற்ற முடியாமல் திண்டாடியவள் அல்லவா! அதனால் கடையைப் பூட்டிவிட்டு நானே கிளம்பிவிட்டேன். முதலில் கராத்தே. அடடா, என்ன அழகு! வரிசையாக நின்று எல்லாரும் ஒரே மாதிரி காற்றைக் குத்துகிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் எப்போ அடிப்பீங்க என்று கேட்டேன். இங்க பலமா பட்டா போட்டியில புள்ளி போயிடும்மா, நிஜமா மோதுற பள்ளியும் இருக்கு, அங்க பாருங்க என்று மாஸ்டர் உள்ளதைச் சொன்னார். உன்னைப் பிடித்தவன் புள்ளிக்காகவா பிடித்தான்? அடுத்து குத்துச்சண்டை. உன் வயசுப் பெண் ஒருத்தி எனக்குக் கையுறை மாட்டிவிட்டு மூக்கில் லேசாக ஒன்று வைத்தாள் பார், கண்ணீர் கொட்டிவிட்டது! கண்ணை மூடாதீங்க ஆன்ட்டி, அடி எங்கேருந்து வருதுன்னு பாருங்க என்றாள். வாங்கி வாங்கி ஒரு கட்டத்தில் கண் மூடவே இல்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவேன், வீட்டுக்கு வந்து தலையணையைக் குத்திப் பஞ்சைப் பறக்கவிட்டேன்!

கடைசியில் ஜூடோ. கடையிலிருந்து அப்படியே, கழுத்தில் அளவு நாடாவோடு போய் நின்றேன். கழட்டுங்கம்மா, கழுத்தை நெரிக்கிற பிடியும் இங்க உண்டு, எங்க வேலையை நீங்களே சுலபமாக்காதீங்க என்று பயிற்சியாளர் சிரித்தார். அவர்கள் அங்கியின் காலரைத் தொட்டுப் பார்த்தேன், அத்தனை மடிப்பு, அத்தனை தையல், யானை இழுத்தாலும் கிழியாது. அதைப் பிடித்துத்தான் ஆளைச் சாய்க்கிறார்கள். இங்கே தெருவில் போகிறவனைப் பிடித்தால் சட்டைதான் கையோடு வரும், ஆனால் உங்கள் ஊர்க் குளிரில் எல்லாரும் தடித்த கோட்டோடு அல்லவா அலைகிறார்கள்! ஒரு கல்லூரிப் பெண் என்னைப் புரட்டிப் போட்டதில்தான் தோள்பட்டை போயிற்று. நான் கண்டது இதுதான், பெயரைப் பார்க்காதே, எதிரே நிற்பவர் நிஜமாகவே திமிறுகிற இடமா என்று பார். உன்னை இழுத்தவன் கையைத்தானே பிடித்தான், அதனால் முதலில் ஜூடோ, கூடவே குத்துச்சண்டை. ஓட வழி இருந்தால் ஓடிவிடு, இதை இரண்டு இடத்திலும் சொன்னார்கள்.

இனிமேல்தான் முக்கியமான சேதி. உன் அப்பா, பெரிய சண்டைக்காரி வந்துட்டா, எங்க விடுவிச்சுக்கோ பார்க்கலாம் என்று விளையாட்டாக என் மணிக்கட்டைப் பிடித்தார். கற்றதெல்லாம் மறந்துபோயிற்று. இழுத்தேன், திருகினேன், வரவே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று விட்டுவிட்டார். இப்படித்தான் பிடிச்சானா அவன் என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே எழுந்து துணி வெட்டும் மேஜையைச் சுவரோரம் தள்ளி, மெத்தையைத் தரையில் போட்டு, வா, நீ வெளிய வர்ற வரைக்கும் பிடிக்கிறேன் என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். அவர் கட்டைவிரல் பக்கமாக முறுக்கி நேற்று வெளியே வந்துவிட்டேன்டி! மனுஷர் மெத்தையில் உட்கார்ந்து விரலை உதறிக்கொண்டே, அவளை வரச் சொல்லாதே, அங்கேயே இருந்து கத்துக்கச் சொல்லு என்றார்.

பயிற்சிக்கு முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், மறக்காதே. கையும் காலும் உன் பேச்சைக் கேட்டு, தினமும் நீ நிம்மதியாக வீடு போய்ச் சேர நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம்.

உன்னை நினைத்துப் பூரித்துப்போயிருக்கும்,
அம்மா