ஒரு நட்டு என் பையில்

ஹான்கியோல்,

முளைப்பயறு சூப்பு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடி. மதியம் உன் அம்மா கிம்ச்சியோடு வருவார். முழங்கைக் காயம் தெரியாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்.

உன் லாங்போர்டு சறுக்குப் பலகைக்கு நேற்று புதுச் சக்கரம் வாங்கினேன். முந்தாநாள் “அதைத் தூக்கிக் குப்பையில போடு” என்று கத்தியவளும் நான்தான். ஏன் வாங்கினேன் என்று எனக்கே புரியவில்லை. கடைக்காரர், “மெத்துன்னு இருக்கறதா, கெட்டியா? மெத்துன்னா சின்னக் கல்லு தடுக்காது. வழுக்கி ஆடணும்னா கெட்டிதான்” என்றார். “விழாத சக்கரமாப் பார்த்துக் குடுங்க” என்றேன். சிரித்துவிட்டார். குழம்பிப்போய் இரண்டிலும் இரண்டிரண்டு வாங்கிவிட்டேன்.

முன்னால் மெத்து, பின்னால் கெட்டி என்று மாட்டியிருக்கிறேன். கல்லில் முன்சக்கரம்தானே முதலில் ஏறும்? இது சரியா, பைத்தியக்காரத்தனமா, தெரியவில்லை.

தாசோம்

பி.கு.: நாலாவது சக்கரத்தை மட்டும் மாட்டவில்லை. அதன் நட்டை என் பையில் எடுத்துப் போகிறேன். தேடாதே. பலகையைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் ஆற்றங்கரைக்கு வா. வேலை முடிந்து நேராக அங்கே வருகிறேன்.

நீ விழுந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அதன் மேல் நீ ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.