கோச் கெட்லரைப் பற்றி மூன்று பக்கம்

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று எனக்கு ஒரு கௌரவம் கிடைத்தது. இருபத்தெட்டு வருடமாக எங்கள் கல்லூரியின் பேஸ்பால் அணிக்குப் பயிற்சி தரும் நார்ம் கெட்லர் இருக்கலாமா, போகலாமா என்று தீர்ப்புச் சொல்லும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். நான் வேதியியல் நடத்துகிறவள். இந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதே எனக்குச் சந்தேகம்.

"அதனாலதான் உங்களைப் போட்டேன் வில்மா, பாரபட்சம் இருக்காது" என்றார் விளையாட்டுத் துறை இயக்குநர் டோலிவர்.

அறிக்கை எழுதுவது என் வேலை. மூன்று பக்கம். முடிவுரையை மட்டும் அவரே எழுதி அனுப்பிவிட்டார்: "புதிய தலைமை தேவை." மீதிப் பக்கங்களுக்கு நான் காரணம் தேடினால் போதும். என் மாணவர்கள் இந்த லட்சணத்தில் ஆய்வகக் குறிப்பு எழுதினால் பூஜ்யம்தான்.

ஏப்ரல் 12, வெள்ளி

குழுவில் இன்னொருவர் லாயிட் ஹேன்சன். டிராக்டர் கடை வைத்திருக்கிறார், கெட்லரிடம் ஆடியவர். கெட்லரின் மொத்தக் கணக்கைக் காட்டினார்: 731 வெற்றி, 688 தோல்வி. கடைசி ஆறு வருடத்தில் ஒரே ஒரு நல்ல வருடம்.

"தோத்தா காத்து மேல பழி போடுவாரு மேடம். நம்ம நெப்ராஸ்கா காத்து எதிர் டீமுக்கும் சேத்துதானே அடிக்குது?"

"உங்க காலத்துல?"

"நாங்க ஜெயிச்சோம். அப்ப காத்துக்கு நல்ல பேரு."

ஏப்ரல் 18, வியாழன்

ஆட்டம் பார்க்கப் போனேன். தூறல், குளிர். நாற்பத்து மூன்று ரசிகர்கள், ஒரு நாயையும் சேர்த்து. 11-2 என்று தோற்றோம். "கோச், தூங்கிட்டீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

கெட்லர் திரும்பினார். "இல்ல மார்ஜ், முழுசாப் பாத்துட்டுதான் இருக்கேன். அதான் கஷ்டமா இருக்கு."

மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. பாரபட்சம் ஆரம்பம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கெட்லரின் அறையில் விசாரணை. டோலிவர் கொடுத்த பன்னிரண்டு கேள்விகளையும் கேட்டேன், காற்றைப் பற்றிப் பன்னிரண்டு பதில்கள் வாங்கிக்கொண்டேன். எழுந்திருக்கும்போது, மரியாதைக்கு: "நாங்க கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?"

கெட்லர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"கோல்ட்டன் ரீப் பத்தி யாருமே கேக்கல" என்றார்.

ஐந்து வருடத்துக்கு முன், அந்த ஒரே நல்ல வருடம். ரீப் பந்து வீச்சாளன். பெரிய அணிகள் அவனைப் பார்க்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தன. இறுதி ஆட்டத்தின் நடுவில் முழங்கை இழுக்கிறது என்று சொல்லியிருக்கிறான்.

"இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ்னு சொன்னேன், புரொபசர். அப்புறம் இன்னொண்ணு. 147 பந்து. நூறு தாண்டினாலே நிறுத்திடணும். ஜெயிச்சோம். அவன் அதுக்கப்புறம் வீசவே இல்ல."

731-இல் அதுவும் ஒன்று. எந்தப் பட்டியலிலும் ரீப்பின் கைக்கு ஒரு கட்டம் இல்லை.

ஏன் எங்கிட்ட சொன்னாரு? நான் என்ன பாதிரியாரா? இதை எழுதினா அவர் வேலை போகும். எழுதலைன்னா — நான் எதுக்கு இந்தக் குழுவுல?

எழுதினேன். இரண்டாம் பக்கத்தில். வரைவை டோலிவருக்கும் அனுப்பினேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஒன்பது வருடத்துக்குப் பிறகு பக்கத்து ஊர்க் கல்லூரியை வென்றோம். மூன்று ஆட்டமும். ஊரே ஹார்ன் அடிக்கிறது.

ஏப்ரல் 29, திங்கள்

டோலிவரிடமிருந்து புதிய முடிவுரை: "அனுபவமிக்க தலைமை தொடர வேண்டும்." கெட்லருக்கு இரண்டு வருட ஒப்பந்தமும் தயார். மூன்று ஆட்டத்தில் மனிதர் இவ்வளவு முன்னேறியிருக்கிறார்.

"அந்த ரெண்டாம் பக்கம்... பழைய கதைதானே. எடுத்துடுங்களேன்."

"முதல்ல நீங்க கேட்ட முடிவுக்கு அது ரொம்பப் பொருத்தமா இருந்திருக்குமே" என்றேன்.

"வில்மா, உங்களுக்கு இந்த ஆட்டம் புரியாது."

"அவர் சொன்னது எனக்குப் புரிஞ்சது. வேணாம்னு அவர் சொல்லட்டும், எடுத்துடறேன்."

மே 3, வெள்ளி

அறிக்கையைக் கெட்லரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பேனா கேட்டார். 147-ஐ அடித்து 149 என்று எழுதினார்.

"உங்ககிட்ட ரெண்டு குறைச்சுச் சொல்லிட்டேன்."

ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடாமலே என்னிடம் நீட்டினார். "இதைப் படிச்சா நானே இந்த ஆளை வெச்சுக்க மாட்டேன்."

மே 11, சனி

பிரிவுபசார விருந்து. "நாங்க என்னைக்கும் கோச்சுக்குப் பின்னாடிதான் நின்னோம்" என்றார் டோலிவர். உண்மைதான். தள்ளுவதற்கு வசதியான இடம்.

கெட்லர் அரை நிமிஷம் பேசினார். "என் வெற்றிகள்ல ஒண்ணைக் கழிச்சுடுங்க. அது கோல்ட்டன் ரீப்போட கையைக் கொடுத்து வாங்கினது. அவன் நிறுத்தச் சொன்னான், நான் நிறுத்தல." உட்கார்ந்துவிட்டார். லாயிட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். யாரும் கைதட்டவில்லை, என்னையும் சேர்த்து.

வாசலில் கேட்டேன்: "இதை ரீப்கிட்ட சொன்னீங்களா?"

"போன்ல சொல்ற விஷயமா அது? நாளைக்குக் கிளம்பறேன். பக்கத்து மாநிலம், கான்சஸ்ல இருக்கான்."

மே 14, செவ்வாய்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது லாயிட் போனில் கூப்பிட்டார். கெட்லர் இன்னும் ஊர் திரும்பவில்லையாம்.

"முதல் நாள் ரீப் கதவையே திறக்கல மேடம். கோச் மோட்டல்ல தங்கிட்டாரு. நேத்து திறந்து, உக்கார வெச்சு, சாயங்காலம் வரைக்கும் திட்டியிருக்கான்."

"இன்னைக்கு?"

"இன்னும் பாக்கி இருக்கு, வாங்கன்னு சொல்லியிருக்கானாம். போயிருக்காரு."