கதவுக்கு இந்தாண்டயும் அதே காற்று

மெட்ராஸ்,
செவ்வாய்க்கிழமை

ஒற்றைக் காது மச்சான் செல்லப்பனுக்கு, உன் தங்கச்சி புருஷன் சாமிக்கண்ணு எழுதுவது. நானும் அம்சவள்ளியும் இங்கே சுகம். நீயும் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி காசம்மாளும் உன் செவலைப் பசுவும் சுகமாக இருக்க வேண்டும். பசுவைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், ஆனால் இந்தக் கடுதாசியே அதற்காகத்தான். நான் மூணாவது வரைக்கும் போனவன். தப்பு இருந்தால் திருத்திப் படி. நீ நாலாவது, திருத்த உனக்கு ஒரு வருஷப் படிப்பு கூட இருக்கிறது.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். ரைஸ்மில் மிஷின் தின்ற காது உன்னுடையது. நான் இங்கிருந்து போனில் கத்தினால் காட்டேரிக்குப்பத்துக்கு அது போன் இல்லாமலே கேட்கும். போன புதன்கிழமை கத்தினேன். நான் சொன்னதில் முன்பாதி மட்டும் உன் காதில் விழுந்து, நீ உடனே மாட்டுத் தரகருக்கு ஆள் அனுப்பிவிட்டாய் என்று காசம்மாள் சொன்னது. தரகர் வந்து உட்கார்ந்திருந்தால் ஒரு சொம்பு மோர் கொடு. இதை முழுக்கப் படித்துவிட்டு அவரிடம் பேசு.

முதலில் உன் தங்கச்சி சேதி. கழுத்துக் கட்டிக்கு இருபத்தைந்து நாள் கரண்ட், அதுதான் ரேடியேஷன், வைக்க வேண்டும் என்றார் டாக்டர். இன்றோடு பதினாறு முடிந்தது. சனி, ஞாயிறு லீவு. கட்டி நன்றாக வாடியிருக்கிறதாம். மேல்தோல்தான் சுட்ட கத்தரிக்காய் மாதிரி கறுத்திருக்கிறது. கஞ்சி இறங்குகிறது, சோறு இறங்கவில்லை. பத்தாவது நாளிலிருந்து குரல் அடைத்துவிட்டது. இது வழக்கம்தான், திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். அதுவரை கையாலேயே என்னைத் திட்டுகிறாள். மச்சானுக்குக் காது இல்லை, பெண்டாட்டிக்குக் குரல் இல்லை, நடுவில் நான் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாங்கள் இருக்கும் இடம் உனக்குத் தெரியும். மேஸ்திரி கட்டுகிற வீட்டுக்கு நான் வாட்ச்மேன். அதற்குக் கூலி கொஞ்சம், தங்கத் தகரக் கொட்டகை. வாடகை கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரி ஒரு மூலை, கொட்டகை ஒரு மூலை. இங்கே சாதா பஸ்ஸில் பொம்பளைகளுக்குக் காசில்லை. ஆனால் அந்த நெரிசலில் யாராவது முழங்கை கழுத்தில் பட்டால் அம்சவள்ளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. அதனால் மெட்ரோ ரயில்தான்.

அதில் கண்டக்டர் கிடையாது மச்சான். ஒரு கார்டு கொடுக்கிறார்கள். பணம் அதற்குள் இருக்கிறது. கதவில் வைத்தால் திறக்கிறது, இறங்குகிற இடத்தில் மறுபடி வைத்தால் காசைக் கழித்துக்கொண்டு வெளியே விடுகிறது. டோக்கனை விடக் கார்டில் போனால் பத்து ரூபாய்க்கு இரண்டு ரூபாய் குறைவு. இதைக் கேட்டதும் நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஒரே ஒரு கார்டு வாங்கினேன். ரேஷன் கார்டு வீட்டுக்கு ஒன்றுதானே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். கார்டை வைத்து நான் உள்ளே போனேன், கதவு மூடிக்கொண்டது. உன் தங்கச்சி வெளியே. அவளுக்கும் சேர்த்துத்தான் என்று கதவிடம் சொல்லிப் பார்த்தேன். திருக்கனூர் டவுன் பஸ்ஸில் பின்னால் நின்றுகொண்டு, முன்னாடி பச்சைப் புடவைக்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட் என்று வாங்குவோமே, அந்தப் பழக்கம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும் என்று செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது அவளுக்குக் குரல் இருந்தது. ரயில் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கேட்டாள், இன்னாய்யா, கல்யாணம் பண்ணி இருவத்தெட்டு வருசத்துல ஒரு கதவுக்குள்ளயாவது என்னைக் கூட்டினு போவத் தெரிஞ்சுதா உனுக்கு என்று.

இனிமேல்தான் விஷயம். கரண்ட் வைத்தால் கழுத்து எரியும், சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் கொட்டகையோ பொழுது சாயும் வரை வடை சுடுகிற சட்டி. ஆஸ்பத்திரிப் பக்கத்து ஸ்டேஷன் பூமிக்கு அடியில் இருக்கிறது. உள்ளே ஐஸ்பெட்டி மாதிரி குளிர்ச்சி. அதனால் தினமும் கரண்ட் வைத்ததும் கார்டை வைத்து உள்ளே போவோம். ரயில் நிற்கும் இடத்தில் பெஞ்சு இருக்கிறது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். நான் போகிற வருகிற ரயிலை எண்ணிக்கொண்டிருப்பேன். இரண்டரை மணி, மூணு மணி நேரம் ஆகும். வெயில் தணிந்ததும் ரயில் ஏறுவோம்.

இறங்குகிற இடத்தில் மட்டும் தினமும் கதவு சிவப்பு விளக்குப் போட்டு மறுத்துவிடும். கண்ணாடிக் கூண்டில் இருக்கும் பெண்ணிடம் கார்டை நீட்டுவோம். அது ஏதோ வேகமாகச் சொல்லும், பாதி இங்கிலீஷ். நான் தலையை ஆட்டுவேன். மிஷினில் வைத்துத் திருப்பிக் கொடுக்கும், கதவு திறக்கும். கார்டுக்கு உயிர் கொடுக்கிறது என்று நினைத்து நானும் தினமும் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். அபராதம் வாங்கியதற்குக் கும்பிடு போட்டவன் மெட்ராஸிலேயே நான் ஒருவன்தான்.

போன புதன்கிழமை, பன்னிரண்டாவது கரண்ட் முடிந்து வந்தபோது, இரண்டு கார்டிலும் ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண் நிறுத்தி நிதானமாகச் சொன்னது. இருபத்தைந்து நாளுக்கும் வரும் என்று கணக்குப் பார்த்துப் போட்ட பணம். கஞ்சிக்கு வைத்திருந்த காசைக் கொடுத்து வெளியே வந்தோம். உன் தங்கச்சி தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையை வாய்க்கு நேரே வைத்துக் கண்டக்டர் விசில் ஊதுவது போலக் காட்டினாள். பிறகு தெற்கே காட்டினாள். ஊருக்குப் போகலாம் என்கிறாள். இன்னும் பதிமூணு பாக்கி இருக்கு, பாதியில் விட்டால் கட்டி மறுபடி முளைக்கும் என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். இரண்டு விரலைத் தலைக்கு மேலே கொம்பு மாதிரி வைத்துக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். எனக்குப் புரிந்தது. காசு தீர்ந்தது தெரிந்தால் அண்ணன் பசுவை அவிழ்த்துவிடுவான், அதற்கு நான் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன் மச்சான்.

இறங்குகிற அந்த ஸ்டேஷனும் பூமிக்கு அடியில்தான். அங்கே தரை துடைக்கிற மணியம்மாள் என்கிற அம்மா, விழுப்புரம் பக்கத்துக்காரம்மா, துடைப்பத்தை நிறுத்திவிட்டு வந்து என்னவென்று கேட்டது. சொன்னேன். அது தலையில் அடித்துக்கொண்டது. இன்னாண்ணா, கார்டை வச்சி உள்ள பூந்ததுலேந்து கடியாரம் ஓடுதே, ரெண்டு மணி நேரம் தாண்டிப்பூட்டா அபராதம்னு உனுக்கு யாரும் சொல்லலியா, ஆளுக்கு ஆளு தெனமும் கட்டியிருக்கீங்களே என்றது. குளிர்ச்சிக்காக உட்கார்ந்தோம் என்றேன். குளிர்ச்சி கதவுக்கு அந்தாண்ட மட்டுமா இருக்குது, இந்தாண்டயும் அதே காத்துதான் அடிக்குது, கையை நீட்டிப் பாரு, இதுக்குக் காசும் இல்ல கடியாரமும் இல்ல என்றது.

அம்சவள்ளி உட்கார்ந்த இடத்திலிருந்தே கதவுக் கம்பிக்கு நடுவில் கையை விட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம், இந்தப் பக்கம் கொஞ்ச நேரம். பிறகு என்னைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வைக்கு இரண்டு பக்கம் வசவு இருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உனக்குப் போன் போட்டேன். காசு போச்சு, உன் தங்கச்சி இனிமேல் கரண்டுக்கு வர மாட்டேன் என்கிறாள் என்பது முன்பாதி. வழி கிடைத்துவிட்டது, பசுவை அவிழ்க்காதே என்பது பின்பாதி. எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கேட்காத காது உனக்கு.

வியாழக்கிழமை காலையில் அவள் எழுந்து வருவாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டே படுத்திருந்தேன். கண் விழித்தால் தலை வாரி, புடவை மாற்றி, வாசலில் நிற்கிறாள். அவள் கார்டை என் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். மேஸ்திரியிடம் இந்த வாரக் கூலியை முன்கூட்டி வாங்கிக் கார்டில் போட்டேன். அபராதம் நின்றதால் அதுவே கடைசி நாள் வரைக்கும் தாங்கும். இப்போது கரண்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரிப் பக்கத்து ஸ்டேஷனில் கதவுக்கு வெளியே தூண் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறோம். தூக்கம் எல்லாம் அங்கேயே. வெயில் தாழ்ந்த பிறகுதான் கார்டை எடுக்கிறோம். முன்னெல்லாம் என் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தவள், இப்போது முதலில் போய் அந்தப் பக்கம் நின்று, சீக்கிரம் வா என்று கையை ஆட்டுகிறாள்.

நேற்று ஒன்று நடந்தது. டாக்டர் நல்லபடியாகச் சொன்ன சந்தோஷத்தில், பழைய ஞாபகத்தில், நான் நேரே கதவுக்குப் போய்க் கார்டை வைக்கப் போனேன். வெயில் நன்றாகக் காய்கிற நேரம். பின்னாலிருந்து யோவ் என்று ஒரு சத்தம். காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி, அவ்வளவுதான் சத்தம். திரும்பிப் பார்த்தேன். உன் தங்கச்சி தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளாலேயே நம்ப முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து நான் மட்டும் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது. அதை நீ யாரிடமும் சொல்லாதே.

வருகிற திங்கள் இல்லை, அதற்கு அடுத்த திங்கள் கடைசிக் கரண்ட். அன்றைக்கு நீ வர வேண்டும். பசுவின் விலையோடு வராதே. செவலைப் பாலில் உறை ஊற்றிய தயிர் ஒரு தூக்கு கொண்டுவா. அவளுக்குத் தொண்டையில் இறங்குவது அதுதான், இரண்டு நாளாகக் கையால் கறப்பது மாதிரி காட்டிக் கேட்கிறாள். உனக்கும் ஒரு கார்டு வாங்கி வைக்கிறேன், குடும்பத்துக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டு வந்து நிற்காதே.

வரும்போது உன் நல்ல காதை அவள் பக்கம் வைத்துக்கொள் மச்சான். அண்ணா என்று கூப்பிடத்தான் பழகிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாப்பிள்ளை
சாமிக்கண்ணு