என் வீட்டுக்காரர் உங்களிடம் சொன்னது

மனசுக்குள் போட்டி போட்டுக்கொண்டே நான் பிரியம் வைத்திருந்த சரசக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். அதை எழுத உங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது என் பொறாமையை. நீங்கள் இருந்தபோது அதை முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைப் பலபேர் படிக்கும்படி எழுதுகிறேன். நீங்கள் பூட்டி வைத்ததெல்லாம் அடுத்தவர்களின் கதை. இது என் கதை, சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், உங்கள் பெயரையும்தான். என் வீட்டுக்காரரும் படித்துவிட்டார். ஒரு இடத்தில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார், ஆனால் ஒரு வரியையும் அடித்துவிடச் சொல்லவில்லை.

அண்ணனுக்கு நீங்களும் தம்பிக்கு நானுமாக ஒரே குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டோம். கருமத்தம்பட்டியில் தறிக்குடோனை ஒட்டி, ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு. நான் தறிச் சத்தத்தில் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போவீர்கள். நம் மாமியார் யாரைப் பார்த்தாலும், "பெரிய மருமக கவர்மெண்டு ஆஸ்பத்திரில வேலைங்க" என்பார். என்ன வேலை என்று கேட்டால் மழை பெய்ததா என்று பேச்சை மாற்றிவிடுவார். பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகர் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? உங்களிடம் குறை என்று சொல்ல எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அதனால்தான் என் மகளின் காதுகுத்தில் அப்படிச் செய்தேன். மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள். நீங்கள் வெள்ளகோவில் சித்திக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அவர் உங்கள் வேலையைப் பற்றிக் கேட்டார். நீங்கள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "அக்கா பாக்கறது பொம்பளச் சீக்குக்காரங்களயுங்க." சித்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

நீங்கள் கோபப்படவே இல்லை. "பேருதானுங் சித்தி பொம்பளைங்க மேல போட்டு வெச்சிருக்கறாங்க. சீக்கு ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் பொதுவுங்க. தொட்டா வராது, ஒரே டம்ளர்ல குடிச்சா வராது, ஒரே கக்கூஸ்ல போனாலும் வராது. பாதுகாப்பில்லாம ஒண்ணு சேர்ந்தா வரும். சிலது ரத்தத்துல வரும், சிலது தாய்கிட்ட இருந்து புள்ளைக்கு வரும். அவ்வளவுதானுங்" என்றீர்கள். பிறகு அந்தக் காபியை எடுத்து நீங்களே குடித்தீர்கள். சுற்றி நின்ற பெண்கள் உங்களையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் போய் ஏதோ கேட்டார்கள். உங்களைக் கீழே இறக்கப் போய் நானே மேலே ஏற்றிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு அந்தத் தொந்தரவு வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருந்தீர்கள். வெள்ளைபட்டது, வாடை அடித்தது, அடிவயிறு இழுத்துப் பிடித்தது. உடம்புச் சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றேன், இளநீராகக் குடித்தேன். சுவரைத் தட்டியிருந்தால் வந்திருப்பீர்கள். உங்களிடம் போய்க் கை நீட்டுவதா என்று அவிநாசிக்குப் பஸ் ஏறி ஒரு தனியார் டாக்டரைப் பார்த்தேன். அவர் பதினான்கு நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, "உங்க ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா, அவரும் மருந்து எடுக்கோணும்" என்றார்.

கூட்டிக்கொண்டு போனால் யாராவது பார்ப்பார்கள். அதனால் நான் செய்த கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். மாத்திரையை இரண்டாகப் பிரித்தேன், அவருக்கு ஏழு நாள், எனக்கு ஏழு நாள். பலகாரம் வந்தாலும் பங்கு வைத்துத்தானே நமக்குப் பழக்கம்? "சூட்டு மாத்திரைங்க, நீங்களும் போடுங்க" என்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். உப்பு ஒரு கல் கூடினாலும் காரணம் கேட்கிற மனுஷன், அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்காமல் விழுங்கினார். அப்போதுதான் அக்கா, இது அவர் வெளியே போய்க் கொண்டுவந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாக, தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன். பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு காய்ச்சலோடு வலி திரும்பி வந்தது.

நீங்கள் லீவு போட்ட நாளாகப் பார்த்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தேன். யாருக்கோ பதிலாக உங்களை வரச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. கதவைத் திறந்தால் நாற்காலியில் நீங்கள். ஓடிவிடலாமா என்று நின்றேன். "வாங்கம்மணி, உக்காருங்க" என்றீர்கள், வருகிற எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில். ஒரே அடுப்படியில் கை நனைத்தவளுக்கு அந்தக் குரல்தானா? காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை. நீங்கள் பார்க்கிற ஆயிரம் பேரில் நானும் ஒருத்தி ஆகிவிட்டேனே என்று.

மாத்திரையைப் பங்கு போட்டதைச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. "பாதி மருந்துல ரெண்டு பேருக்குமே சரியாகாது கண்ணு. அவருக்கு வலி இல்லாம இருக்கலாம், வெளிய ஒண்ணுமே தெரியாம இருக்கலாம். இருந்தாலும் உள்ள இருக்கும், திரும்ப உனக்கு வரும். டாக்டர் குடுக்கறத ரெண்டு பேரும் முழுசா முடிக்கோணும். முடிச்சு நல்லா ஆகற வரைக்கும் சேரக் கூடாது. அப்பறமும் சந்தேகம் இருக்கற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஆணுறை போடோணும், இங்கயே சும்மா குடுப்பாங்க, வெக்கப்படாம வாங்கிட்டுப் போ" என்றீர்கள். எச்.ஐ.விக்கும் சிபிலிசுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னீர்கள். தொற்று ஒட்டியவுடனே பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்று மூன்று மாதம் கழித்து இன்னொரு தரமும் எடுக்க வைத்தீர்கள். இரண்டு தடவையும் ஒன்றும் இல்லை. இரண்டு தடவையும் முடிவு வரும்வரை நான் எப்படி இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அவர் வந்தார். நீங்கள் சொல்லி அனுப்பியபடி தனியாகத்தான் உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. அரை மணி நேரம் அக்கா! என்னோடு சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் பேசாத மனுஷன், உங்களோடு அரை மணி நேரம். வெளியே வந்தபோது அவர் முகம் கழுவி விட்டாற்போல் இருந்தது.

யாரோ ஒரு பெண் மேல் வர வேண்டிய பொறாமை, அந்த பெஞ்சில் வைத்து அப்படியே உங்கள் மேல் திரும்பியது. அவள் என் புருஷனிடமிருந்து எதை எடுத்தாளோ தெரியாது. உண்மையை எடுத்துக்கொண்டது நீங்கள்தான் என்று நினைத்தேன். குடோனில் வேலைக்கு வருகிற பெண்களையும், மளிகைக் கடைக்காரியையும், என் சித்தி மகளையும்கூட ஒவ்வொருத்தியாக உற்று உற்றுப் பார்த்தேன். விடை உங்களிடம் இருக்கிறது, நீங்களோ நிதானமாகக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருக்கிறீர்கள்.

உடம்பு நேரான பிறகு ஒருநாள் கேட்டே விட்டேன். "யாருங்க்கா அவ?"

நீங்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்தீர்கள். "நாளைக்கு அவரு வந்து உன்னப் பத்திக் கேட்டாலும், இதே மாதிரி நான் பேசாமத்தான் இருப்பேன் அம்மணி."

"நான் உங்க தங்கச்சி மாதிரிங்க்கா!"

"அதுக்காகத்தான் சொல்றேன். அந்தக் கதவுக்கு உள்ள பேசறது வெளிய வராதுன்னு தெரிஞ்சாத்தான் ஆளு உள்ள வரும்."

அன்றோடு நான் உங்களோடு பேசுவதை நிறுத்தினேன். நான்கு மாதம். நீங்கள் சுவருக்கு மேலே கிண்ணம் நீட்டினால் மகளை விட்டு வாங்கச் சொல்வேன். ஐந்தாவது மாதம் நெஞ்சுவலி என்று உங்களைக் காரில் ஏற்றினார்கள், திரும்பி வரவில்லை. உங்களைக் கிடத்தியிருந்தபோது யார் யாரோ வந்து அழுதார்கள். "எப்படிங் பழக்கம்?" என்று கேட்டால், "பழக்கமுங்க" என்பார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பேசாமல் இருந்த பாவத்துக்கு என்னால் அவர்கள் அளவுக்குக்கூட அழ முடியவில்லை. அவர்களைப் பார்த்தும் பொறாமைதான்.

இப்போது ஒரு சேதி. குடோனில் ஒரு பெண் போன மாதம், "சூடுங்க்கா, வெள்ளைபடுது" என்றாள். வெள்ளைபடுவதெல்லாம் இந்த நோய்தான் என்று இல்லை, இருந்தாலும் டாக்டரிடம் காட்டு, வெந்தயத்தோடு நிறுத்தாதே என்றேன். அவளோடு நானும் போனேன். உங்கள் நாற்காலியில் வேறு ஒருத்தர் இருக்கிறார். நல்ல மாதிரிதான், ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

போன வாரம் உங்களுக்குத் திதி கொடுத்தோம். எல்லோரும் போன பிறகு என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு நடந்தத உன்கிட்டயும் சொல்லிப்போடறேன். அது யாருன்னா..." என்று ஆரம்பித்தார்.

இதற்காகத்தானே அக்கா நான் இத்தனை நாளும் வெந்துகொண்டிருந்தேன்? ஆனால் என் வாயில் வந்தது வேறு. "அந்தப் பொண்ணு வைத்தியம் பாத்துக்கிச்சா?"

அவர் திகைத்துப்போனார். "பாத்துக்கிச்சு. அண்ணி ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. எந்த கவர்மெண்டு ஆஸ்பத்திரில காட்டுனாலும் பாப்பாங்கன்னாங்க. நாந்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். உடுமலைப்பேட்டைல போய்க் காட்டிக்கிச்சு. அதோட சரி."

"சீட்டுல பேரு?"

"பேரே எழுதல. அண்ணி கேக்கவும் இல்ல."

உங்களுக்கே தெரியாதா! தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான்கு மாதம் நான் பேசாமல் இருந்திருப்பேனா? அதைச் சொன்னாலும் உள்ளே பேசியதில் ஒன்றை வெளியே சொன்னதாகிவிடும் என்று நினைத்தீர்களா? என் கோபத்தைச் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்தீர்களா?

"பின்ன அரை மணி நேரம் அண்ணிகிட்ட என்னதான் பேசுனீங்க?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "நான் எங்க பேசுனேன்? அழுதுட்டிருந்தேன். அண்ணி பேசாம உக்காந்திருந்தாங்க."

அவர் அம்மா செத்தபோதுகூட என் முன்னால் அழாதவர் அக்கா. பதினாறு வருஷத்தில் அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அவளுடைய பெயரைவிட இதுதான் எனக்கு அதிகம் எரிகிறது. ஏன் உங்கள் முன்னால் முடிந்தது, என் முன்னால் முடியவில்லை? அழுதால் நான் கேள்வி கேட்டே கொன்றுவிடுவேன் என்று பயந்திருப்பாரா?

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அது வேறு. அவர் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. எனக்கு நாக்கு நுனிவரை கேள்வி வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கால் மணி நேரம்தான் என்னால் முடிந்தது, பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த தடவை அரை மணி நேரம் உட்காருவேன், ஒன்றும் கேட்காமல். அதற்கு அடுத்த தடவை உங்களைவிட ஒரு நிமிஷமாவது கூட உட்காருவேன். இது சத்தியம், பார்த்துக்கொண்டே இருங்கள்.

இன்னும் உங்களோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கும்
உங்கள் ஓரகத்தி